சுடவில்லை என்றவள்

பத்து மணித் தேத்தண்ணி மலைக்கு வரும்போது வாளி மூடியைத் திறந்தால் ஆவி முகத்தில் அடிக்கும். ஸ்பிரிங்வெளிப் பக்கத்தில் எங்கள் மலை உயரமான மலை. மழைக்காலத்தில் அடுத்த நிரையில் நிற்கிறவள் யாரென்று தெரியாத அளவுக்கு மூடுபனி இறங்கும். விரல் விறைத்துப் போய், கொழுந்து எது, முற்றின இலை எது என்று கைக்கே தெரியாது. அந்தக் குளிரில் தேத்தண்ணி வந்ததும் நாங்கள் எல்லோரும் கோப்பையைச் சேலைத் தலைப்பால் பிடித்துக்கொண்டு, ஊதி ஊதி, உதட்டு நுனியால் தொட்டுத் தொட்டுக் குடிப்போம். உள்ளங்கையில் கொஞ்சம் சீனி வைத்து நக்கிக்கொள்வோம். கோப்பை பாதி ஆவதற்குள் கங்காணி சத்தம் போடத் தொடங்கிவிடுவார்.

அவள் மட்டும் ஊத மாட்டாள். வாளியில் கோப்பையை முக்கி எடுத்து, ஆவி அடங்கும் முன்னே வாயில் கவிழ்த்துவிடுவாள். தொண்டை ஒரு தரம் ஏறி இறங்கும். அவ்வளவுதான். கோப்பையை உதறிவிட்டு, வெற்றிலையை மடித்துக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு நிரைக்குப் போய்விடுவாள்.

"ஒனக்கு வாயில இருக்கிறது தோலா, தகரமா?" என்று நான் கேட்டிருக்கிறேன்.

"சுடலக்கா. குளிருக்கு முதுகுல கம்பளி இருக்கணும், வாயில அடுப்பு இருக்கணும். ரெண்டும் இருந்தாத்தான் இந்த மலையில நிக்கலாம்."

அவள் பெயரை நான் எழுதப் போவதில்லை. பெயர் சொல்லி நாங்கள் அவளைக் கூப்பிட்டதும் குறைவு. லயத்து வரிசை வீடுகளில் கொச்சிக்காய்க்காரி என்றால் எல்லோருக்கும் தெரியும். என்னை விட இளையவள், என்னை அக்கா என்பாள். அவள் காம்பராவுக்கும் என் காம்பராவுக்கும் நடுவே ஒரே சுவர். அங்கே அம்மியில் கொச்சிக்காய், அதுதான் மிளகாய், வைத்து அரைத்தால் இங்கே எனக்குத் தும்மல் வரும். புருஷன், மகள் கைப்பிள்ளையாக இருந்தபோதே மரம் விழுந்து செத்துப் போனான். அந்த மகளை அவள் ஒற்றை ஆளாக வளர்த்தாள். யாரிடமும் போய் நின்றதில்லை. அந்த ஒரு விஷயத்தில் அவளை எனக்கு ஆரம்பத்திலேயே பிடித்துப் போனது. நானும் யார் வாசலிலும் போய் நின்றவள் இல்லை.

ரொட்டிக்கு அவள் வைக்கும் சம்பலில் தேங்காய்ப்பூவைத் தேடித்தான் பார்க்க வேண்டும். எல்லாம் சிவப்பு. அதோடு ஒரு பச்சைக் கொச்சிக்காயையும் காம்போடு பிடித்துக் கடிப்பாள். அதற்கு மேல் சுடச்சுடத் தேத்தண்ணி. காரம் பட்ட வாயில் சூடு பட்டால் இரண்டு பங்காக எரியும் என்பது பிள்ளைக்கும் தெரியும். அவள் முகத்தில் ஒன்றும் தெரியாது.

ஒரு நாள் கங்காணி அவளை மடக்கப் பார்த்தார். வீட்டுத் தோட்டத்தில் காய்த்த நாலு கொச்சிக்காயைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். சின்னது, உருண்டை, மஞ்சளும் பச்சையுமாக இருந்தது. பார்க்கவே கண் எரிந்தது.

"இத மென்னு முழுங்கிட்டு ஒரு சொட்டுத் தண்ணி கண்ணுல வராம நில்லு பாப்போம்," என்றார்.

"நின்னா?"

"நின்னா இன்னைக்கு ஒன் கூடைய நான் சொமந்துகிட்டு நிறுவைக்குப் போறேன்."

"கூடைய மட்டும் சொமந்தா போதாதுங்க கங்காணி. என் படங்கையும் இடுப்புல கட்டிக்கிட்டுப் போகணும்."

பெண்கள் எல்லோரும் கூடைகளோடு சுற்றி நின்றுவிட்டோம். அவள் நாலையும் ஒன்றாகப் போட்டு மென்றாள். கங்காணியின் முகத்தையே பார்த்துக்கொண்டு மென்றாள். கண் சிவக்கவில்லை. மூக்கு நுனியில் மட்டும் வேர்வை பொடிப்பொடியாக நின்றது. "முடிஞ்சிச்சுங்களா?" என்று கேட்டுவிட்டு இடுப்புப் படங்குச் சாக்கை அவிழ்த்து அவரிடம் நீட்டினாள். அன்று சாயங்காலம் கங்காணி இடுப்பில் படங்கும் தலையில் கூடையுமாக நிறுவைக்குப் போன கதையை எங்கள் தோட்டத்தில் வெகு நாள் சொல்லிச் சிரித்தார்கள்.

நான் அன்றைக்குச் சிரிக்கவில்லை. எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தபோது எனக்கு மேட்டில் நிற்க இடம் கிடைக்காமல் பள்ளத்தில் நின்றிருந்தேன். என் கண்ணுக்கு நேரே அவள் கால்தான் இருந்தது. செருப்பில்லாத கால். பத்து விரலும் மடங்கி, நகம் மறையச் சேற்றில் புதைந்திருந்தது. அவள் மென்று முடித்து, பேசி முடித்து, படங்கை அவிழ்த்த பிறகுதான் ஒவ்வொரு விரலாக வெளியே வந்தது.

அவளுக்குச் சுடும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. எங்களுக்குச் சுடுகிற மாதிரியே சுடும். அவள் காட்டிக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

இதை நான் கேட்டும் விட்டேன், பீலியில் விழும் தண்ணீரில் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது. அவள் துணியைக் கல்லில் அடித்துக்கொண்டே சொன்னாள்.

"எங்கம்மா செத்த பெறகு அப்பா ஒருத்தியக் கட்டிக்கிட்டு வந்தாருல்ல, சின்னம்மா. நான் சீனிய எடுத்துத் தின்னுட்டு இல்லேன்னுட்டேன். பொய் சொன்ன வாய்ன்னு காஞ்ச செத்தல் கொச்சிக்காய அரைச்சு வாயி பூராத் தேச்சிட்டாங்க. ஒதடு, நாக்கு, ஈறு, எல்லாம்."

"அழுதியா?"

"அழல. அன்னைக்கு அழுதிருந்தா நெதமும் தேச்சிருப்பாங்கக்கா. இவளுக்கு இது ஒறைக்காது போலன்னு விட்டுட்டாங்க. அதுக்குப் பெறகு கையாலதான் அடிச்சாங்க. கையடி பரவாயில்ல."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சோப்புக் கட்டியை அவள் பக்கம் தள்ளிவைத்தேன்.

இப்படிப்பட்டவள் சம்பலைக் கழுவித் தின்றதை நான் பார்த்த நாளில்தான் என் மனம் முதலில் கலங்கியது.

மலையில் பகல் சாப்பாட்டு நேரம். எல்லோரும் வாகை மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். அவள் மட்டும் ரொட்டிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடைப் பக்கம் போனாள். கால் கழுவப் போகிறாள் என்று நினைத்தேன். நானும் கை கழுவப் பின்னாலே போனேன். அவள் குனிந்து உட்கார்ந்து, சம்பலை உள்ளங்கையில் வைத்து, ஓடைத் தண்ணீரை அதில் விட்டு விட்டு அலசிக்கொண்டிருந்தாள். தண்ணீர் சிவந்து ஓடியது. கடைசியில் கையில் வெறும் தேங்காய்ப்பூதான் மிஞ்சியது. அதை ரொட்டியில் வைத்து, நகம் அளவு பிய்த்துப் பிய்த்து வாய்க்குள் தள்ளினாள். ரொட்டியை வாயைத் திறந்து கடிக்கவில்லை. கடைவாய்ப் பக்கமாகச் செருகினாள்.

என்னைப் பார்த்ததும் பெட்டியை மூடினாள்.

"என்னடி இது?"

"உப்புக் கூடிப் போச்சுக்கா."

"உப்புக் கூடினா சம்பல் செவப்பாவா கரையும்?"

கையை ஓடையில் அலசிக்கொண்டே, "ஒடம்புச் சூடு," என்றாள். "வாயில ஏறி நிக்குது. வெந்தயம் ஊற வச்சுக் குடிக்கிறேன். தலைக்கு நல்லெண்ணெய் வைக்கிறேன். போயிடும். நீங்க யார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருக்காதீங்க."

எங்கள் ஆட்களுக்கு எல்லாமே உடம்புச் சூடுதான். கண் எரிந்தாலும் சூடு, வயிறு எரிந்தாலும் சூடு, வாய் எரிந்தாலும் சூடு. அதற்கு வல்லாரை உண்டு, இளநீர் உண்டு, எண்ணெய் முழுக்கு உண்டு. அவள் எல்லாவற்றையும் செய்தாள். எதற்கும் அடங்கவில்லை. ஒன்றுக்கு மட்டும் அடங்கியது. வெற்றிலையில் கொட்டைப் பாக்கைக் கூடுதலாக வைத்து, சுண்ணாம்பு தடவி, ஒரு துண்டுப் புகையிலையும் சேர்த்துக் கன்னத்தில் ஒதுக்கினால் எரிச்சல் கொஞ்ச நேரத்தில் மரத்துப் போகிறது என்றாள். எரிச்சல் வரும்போதெல்லாம் போட்டாள். முன்பு சாப்பாட்டுக்குப் பிறகு போட்டவள், சாப்பாட்டுக்கு முன்பும் போட்டாள், தூங்கும்போதும் ஒதுக்கிக்கொண்டே தூங்கினாள். மருந்து என்று நினைத்துப் போட்டாள். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

மலையில் தேத்தண்ணி வந்தால் கோப்பையை எடுத்துக்கொண்டு ஒரு பக்கமாகத் திரும்பி நின்றாள். ஊதுகிறாள் என்று எனக்குத் தெரியும். கங்காணி பார்க்கும்போது கோப்பையை உதட்டில் வைத்துக்கொண்டு நிற்பாள், குடிக்க மாட்டாள். அவர் அந்தப் பக்கம் போனதும் தேயிலைத் தூரில் ஊற்றிவிடுவாள்.

அந்த வருஷம் தீபாவளிக்கு மகள் வந்தாள். கொழும்புப் பக்கத்தில் ஒரு கார்மன்ட் பாக்டரியில் வேலை. வருஷத்துக்கு இரண்டு தடவைதான் லீவு. வந்து இறங்கினதும் அவள் கேட்பது ஒன்றுதான்: "அம்மா, ஆட்டுக்கறி ஒன் கையால வையி. அங்க நாங்க தின்கிறது கஞ்சி மாதிரி இருக்கு." தாயின் சமையல் உறைக்க உறைக்க, மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம்" என்று அவள் கேட்டுத் தின்பதைப் பார்ப்பதுதான் தாய்க்குத் தீபாவளி.

காலையிலேயே சுவரைத் தட்டி என்னைக் கூப்பிட்டாள். கறி அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. மகள் பீலிக்குக் குளிக்கப் போயிருந்தாள்.

"அக்கா, வாயில போட்டுப் பாருங்க."

"ஏன், ஒனக்கு என்னா?"

"எனக்குத் தெரியலக்கா." அகப்பையை என்னிடம் நீட்டினாள். "உப்பு போட்டாலும் எரியுது, புளி போட்டாலும் எரியுது. வெறும் தண்ணியும் எரியுது. எது கொச்சிக்காய் எரிச்சல், எது வேற எரிச்சல்ன்னு எனக்குப் பிரிச்சுச் சொல்ல முடியல."

நான் ருசி பார்த்தேன். உறைப்பே இல்லை. பச்சைப் பிள்ளைக்கு ஊட்டலாம். அவள் பயந்து பயந்து போட்டிருந்தாள்.

"இன்னும் போடு."

போட்டாள். பார்த்தேன். "இன்னும்." நாலாம் தடவை என் கண்ணில் தண்ணீர் வந்தது. "இப்பத்தான் ஒன் கறி," என்றேன். அவள் என் கண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் நாக்கை விட்டுவிட்டு என் கண்ணைப் பார்த்துக் கறி வைத்தாள்.

மகள் தின்றாள். மூக்கை உறிஞ்சினாள். "அம்மா, நீயும் வந்து ஒக்காரு," என்றாள். "நான் ருசி பாத்துப் பாத்தே வயிறு நெறஞ்சிடுச்சு," என்றாள் தாய். சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். இப்போதெல்லாம் அப்படித்தான் சிரித்தாள். மகள் இரண்டு நாள் இருந்துவிட்டுப் பண்டாரவளையில் போய் ரயில் ஏறினாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது.

வேலைக்குப் போகிறவர்கள் கைப்பிள்ளைகளை விடும் பிள்ளைக்காம்பராவுக்கு வாய் பார்க்கும் டாக்டர் வந்தது அதற்குப் பிறகு. சின்ன வயதுப் பெண், தமிழ்ப் பிள்ளை. வெற்றிலை போடுகிறவர்கள் எல்லோரும் வந்து வாயைக் காட்ட வேண்டும் என்று கங்காணி சொல்லிவிட்டார். அவள் வர மாட்டேன் என்றாள். நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். தொட்டில்களுக்கு நடுவே ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள்.

டாக்டர், "ஆத்தா, மூணு வெரலைச் சேத்து, மேலயும் கீழயுமா வாய்க்குள்ள விடுங்க பாப்போம்," என்றாள்.

எனக்குப் போனது. அவளுக்கு ஒரு விரல் போனது. இரண்டாவது விரல் பல்லில் இடித்து நின்றது. அவள் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

டாக்டர் விளக்கை அடித்து உள்ளே பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் எதிரே உட்கார்ந்தாள்.

"காரம் தின்ன முடியுதா?"

"முன்ன மாதிரி இல்லீங்க. ஒடம்புச் சூடு."

"சூடு இல்ல ஆத்தா. கேளுங்க. வாய்க்குள்ள ஒரு நரம்பு இருக்கு. சுடுதண்ணி பட்டா அதுதான் மூளைக்கு, சுடுதுன்னு சேதி சொல்லும். கொச்சிக்காயில இருக்கிற சத்தும் அதே நரம்பைத்தான் தொடும். அதுல சூடு ஒண்ணும் இல்ல. ஆனா நரம்புக்கு ரெண்டும் ஒண்ணுதான். அதுக்கும் சுடுதுன்னுதான் சொல்லும். மூளை அத நம்பிக்கிட்டு, கண்ணுல தண்ணி, மூக்குல தண்ணி, நெத்தியில வேர்வை எல்லாத்தையும் அனுப்பி அணைக்கப் பாக்கும்."

"நெருப்பே இல்லாத எடத்துக்கு வாளி வாளியா தண்ணி அனுப்புதா?" என்றாள் அவள். "எங்க கங்காணிக்கும் அந்த மூளைதான் இருக்கு."

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு சொன்னாள். "ஒங்களுக்கு இப்ப கன்னத்துக்கு உள்ளப் பக்கம் வெளுத்து, இறுகி, கயிறு மாதிரி ஆகிப் போச்சு. தோல் மெலிஞ்சு நரம்பு புண்பட்டு நிக்குது. ஆறின தேத்தண்ணி பட்டாலும் சுடுதுன்னு கத்துது. இது பாக்கு செஞ்ச வேல."

"பாக்குப் போட்டாத்தானே அடங்குது?"

"அடங்கல. மரத்துப் போகுது. கத்துற நரம்போட வாயைப் பொத்திப்புட்டு, பாக்கு உள்ளுக்குள்ள அது வேலையச் செஞ்சுக்கிட்டே இருக்கு. எடது பக்கம் ஒரு புண்ணும் இருக்கு. அத எனக்குப் பிடிக்கல. வர்ற கிழமை பதுளைக்குப் போய்க் கிளினிக்குல காட்டணும். கட்டாயம் போகணும். இப்ப போனா நல்லது. பெறகுன்னா நான் ஒண்ணும் சொல்ல முடியாது."

அவள் தலையாட்டினாள். லயம் வந்ததும், "அந்த நரம்பு கத்தும்னு சொல்றாங்களே அக்கா. இத்தன வருஷமா நான் அதக் கத்த விட்டதே இல்ல," என்றாள்.

சொன்ன கிழமை நான் கூட வருகிறேன் என்றேன். வேண்டாம், நீங்கள் ஒரு நாள் சம்பளத்தைக் கெடுத்துக்கொள்ளாமல் வேலைக்குப் போங்கள் என்றாள். காலையிலேயே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். சாயங்காலம் கருவாடும் ஒரு கட்டு வெற்றிலையும் வாங்கிக்கொண்டு வந்து இறங்கினாள். "டாக்டர் பார்த்தாரு. ஒண்ணும் இல்லன்னுட்டாரு. பயப்பட வேணாமாம்," என்றாள். நானும் சாமி படத்துக்கு முன்னால் ஒரு சூடம் ஏற்றினேன்.

இரண்டு நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. அவள் போன நாள் போயா, பௌர்ணமி விடுமுறை. போயாவுக்கு எங்களுக்கும் மலை லீவாக இருந்திருக்கும், கொழுந்து கூடிப் போனதால் கங்காணி கூப்பிட்டிருந்தார். கிளினிக்குக்கு லீவுதான். நாள் பார்க்காமல் போய் ஏமாந்தாளா, பார்த்துத்தான் போனாளா? நான் சுவரைத் தட்டினேன்.

"அடியே, போயா அன்னைக்கு ஒன்ன எந்த டாக்டர் பார்த்தாரு?"

சுவருக்கு அந்தப் பக்கம் சிரிப்பு கேட்டது. பிறகு சிரிப்பு நின்றது.

"பூட்டியிருந்துச்சுக்கா. கிளினிக்கு கேட் வாசல்ல நின்னேன். பூட்டியிருந்தது எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு."

"நாளைக்குப் போவோம்."

"போவோம்."

நாளைக்கு என்றவள் தைப் பொங்கல் போகட்டும் என்றாள். பிறகு மகள் லீவுக்கு வந்து போகட்டும் என்றாள். நான் கத்தினேன், பேசாமல் இருந்தேன், கங்காணியை விட்டுச் சொல்லவைத்தேன். அவர் சிரிக்காமல் சொன்னார். அவர் சிரிக்காமல் அவளோடு பேசியது அது முதல் தடவை. கடைசியில் மகளுக்குப் போன் போட்டுச் சொன்னது நான்தான். மகள் அன்றைக்கே வேலையை விட்டுவிட்டு வந்து தாயைக் கூட்டிக்கொண்டு போனாள். புண் அதற்குள் கன்னத்தைத் தாண்டி வெளியே தெரியத் தொடங்கியிருந்தது.

கன்னத்தில் வெட்டினார்கள். பிறகு புற்றை எரிக்க வாய்க்குக் கரண்ட் வைத்தார்கள். அதை வைத்தால் உள்ளே எல்லாம் வெந்து போகும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். வெந்துதான் போனது. தண்ணீரை மூக்குக் குழாய் வழியாக விட்டார்கள். வார்டில் நர்ஸ் அம்மா வந்து, வலிக்கிறதா என்று சிங்களத்தில் கேட்பார். அவள் இல்லை என்று தலையாட்டுவாள். திரும்பக் கேட்டால் திரும்ப ஆட்டுவாள். முகத்தில் ஒரு சுருக்கமும் இருக்காது. நர்ஸ் அம்மா எழுதிக்கொண்டு போய்விடுவார்.

நான் பார்க்கப் போன அன்று மகள் என்னைக் கண்டதும் ஓடி வந்தாள். "பெரியம்மா, அம்மாவுக்கு வலியே இல்லையாம். பக்கத்துக் கட்டில்ல இருக்கிறவங்க எல்லாம் கத்துறாங்க. அம்மா நல்லா இருக்காங்க," என்றாள். அந்தப் பிள்ளை முகத்தில் அவ்வளவு நம்பிக்கை.

நான் கட்டில் பக்கம் போனேன். அவள் என்னைப் பார்த்தாள். கண்ணைச் சிமிட்டினாள். நான் தலைமாட்டுக்குப் போகாமல் கால்மாட்டுக்குப் போய்ப் போர்வையை விலக்கினேன்.

பத்து விரலும் மடங்கி இருந்தது. மெத்தையைப் பிடித்துக் கிழிக்கிற மாதிரி. நகத்தில் ரத்தம் செத்து வெளுத்திருந்தது.

"இங்க வா," என்று மகளைக் கூப்பிட்டேன். "மூஞ்சியப் பாக்காத. காலப் பாரு. ஒங்கம்மா மூஞ்சி ஒன்னையும் ஏமாத்தும், ஊரையும் ஏமாத்தும். காலு ஏமாத்தாது."

மகள் அந்தக் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். விரலை நிமிர்த்தப் பார்த்தாள். முடியவில்லை. அப்படியே கட்டில் சட்டத்தில் நெற்றியை வைத்து அழுதாள். தாய் அதைக் கேட்டும் தலையைத் திருப்பவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். என் மேல் அவளுக்குக் கோபம் என்று தெரிந்தது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மகள் போய் நர்ஸ் அம்மாவைக் கூட்டி வந்து காலைக் காட்டினாள். நர்ஸ் அம்மா பார்த்தார். பெரிய டாக்டரைக் கூப்பிட்டார். அன்று சாயங்காலம் வேறு மருந்து கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அந்த வார்டில் அவளிடம் யாரும் வலிக்கிறதா என்று கேட்கவில்லை. வந்தவுடன் போர்வையை விலக்கிக் காலைப் பார்ப்பார்கள். விரல் மடங்கியிருந்தால் மருந்து, நிமிர்ந்திருந்தால் பேசாமல் போய்விடுவார்கள். மருந்து ஏறி அந்த விரல்கள் ஒவ்வொன்றாக நிமிர்வதை நான் பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்து கொஞ்ச நாள் வைத்திருந்தோம். இனிமேல் ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். ஆறின கஞ்சித் தண்ணியைப் பஞ்சில் தொட்டு உதட்டில் வைப்போம். அதையும் தாங்க மாட்டாள். பேச்சு சரியாக வராது. ஒரு தடவை மட்டும் மகளைக் கூப்பிட்டு, வெற்றிலை வேண்டும் என்று சாடை காட்டினாள். மகள் எழுந்து வெளியே போய்விட்டாள். நானும் கொடுக்கவில்லை. அவள் திரும்பக் கேட்கவில்லை. பிறகு ஒரு விடியற்காலையில், வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு ஆட்கள் போகிற சத்தம் கேட்கும்போது போய்விட்டாள்.

பதினாறாம் நாள் கருமாதி. படையலுக்குச் சமைக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். படையலுக்கு வைக்கிறதை ருசி பார்க்கக் கூடாது. ஆட்டுக்கறியை அடுப்பில் வைத்துவிட்டு நான் மகளைக் கேட்டேன், கொச்சிக்காய் எவ்வளவு போடுவது என்று. செத்துப் போனவளுக்கு எந்த வாய் இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. கொச்சிக்காய் நாலையும் மென்று நின்ற வாயா, கஞ்சித் தண்ணி தாங்காத வாயா?

"நல்லாப் போடுங்க பெரியம்மா," என்றாள் மகள். "இனி எங்கம்மாவுக்கு எதுவும் எரியாது."

இலை போட்டோம். சோறு, கறி, ரொட்டி, சம்பல், தேத்தண்ணி எல்லாம் வைத்தோம். அவள் படத்துக்குப் பூ வைத்தோம். முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்தவர் கங்காணி. வயதாகி, அவள் ஆஸ்பத்திரியில் கிடந்த காலத்தில் வேலையை விட்டு, கண்ணும் மங்கிப் போயிருந்தார். கடைசியாக அவர் தன் மடியிலிருந்து ஒரு கட்டு இளம் வெற்றிலையை எடுத்தார். கொட்டைப் பாக்கு, சுண்ணாம்பு, புகையிலைத் துண்டு எல்லாம் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். இலையில் வலது பக்கம் ஒழுங்காக அடுக்கி வைத்தார். செத்தவர்கள் விரும்பிச் சாப்பிட்டதை எல்லாம் வைப்பதுதான் எங்கள் முறை.

மகள் குனிந்து, அதை எல்லாம் இரண்டு கையாலும் அள்ளி எடுத்து வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள்.

கங்காணி தன் கன்னத்தில் இருந்த வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "அது இல்லாம அவ இலையில ஒக்கார மாட்டாம்மா," என்றார். மெதுவாகத்தான் சொன்னார். "வந்து பாத்துப்புட்டுத் திரும்பிப் போயிருவா."

"வேணும்னா எங்கிட்ட வந்து கேக்கட்டும் மாமா," என்றாள் மகள். "வாயைத் தொறந்து கேக்கட்டும்."

கங்காணி என்னைப் பார்த்தார். அங்கே மூத்தவள் நான்தான்.

"பெத்த மக சொல்லிட்டா," என்றேன். "சூடத்தக் காட்டுங்க."

சூடம் காட்டினார். கும்பிட்டோம். செத்தவர்கள் வந்து சாப்பிடும்போது உயிரோடு இருக்கிறவர்கள் பார்க்கக் கூடாது என்பதால் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே வாசலுக்கு வந்தோம். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. ஆண்கள் கூரை ஓரமாக ஒதுங்கி நின்றார்கள். கொஞ்ச நேரம் போனது. திறக்கலாம் என்று யாரோ சொன்னார்கள்.

மகள் மட்டும் கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றாள். இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்று கையைக் காட்டினாள். நாங்கள் நின்றோம். உள்ளே இருந்து யாரும் எதுவும் கேட்கவில்லை.